புகை மேல் போட்ட பழி

பாயான் பாருவின் அந்த அடுக்குமாடியில் சலேஹாவிடம் அபிப்பிராயம் கேட்க யாருக்கும் துணிச்சல் கிடையாது. கல்யாண விருந்தில் பிரியாணி குழைந்திருந்தால், மாப்பிள்ளை வீட்டாரை வைத்துக்கொண்டே சொல்லிவிடுவாள். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. அப்பேர்ப்பட்டவள்தான் ஒரு பேச்சை நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினாள்.

கணவர் ஷேக் அலாவுதீனுக்குக் கடற்கரையோரம் பசெம்பூர் கடை. வெள்ளரியும் பொரித்த இறால் வடையும் நறுக்கிப் போட்டுக் குழம்பு ஊற்றும் நேரம் தவிர, மற்ற நேரமெல்லாம் கையில் சிகரெட் இருக்கும். பாகான் டாலாமிலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் அதை விடச் சொல்லிச் சலேஹா கெஞ்சினாள், திட்டினாள், ஒளித்தும் வைத்தாள். நோன்பு மாதத்தில் விடுவதாகச் சத்தியம் செய்வார். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் ஒரு கையில் என்றால் மறு கை தீப்பெட்டியைத் தேடும்.

போன வருஷம் சலேஹாவுக்கு இருமல் வந்தது, முதுகு வலித்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் நுரையீரலில் புற்றுநோய், முதுகெலும்பு வரை பரவியிருந்தது. சிகரெட்டை முகர்ந்துகூடப் பார்க்காதவளுக்கு நுரையீரலில் நோய் என்றால் ஊர் யாரைப் பார்க்கும்? அலாவுதீன் ஆஸ்பத்திரி வாசலிலேயே பெட்டியைக் கசக்கிக் குப்பையில் எறிந்தார். அதன்பின் தொடவே இல்லை.

அடுத்த முறை போனபோது அவர் காடியை நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் காமினியின் முன்னால் சலேஹா தனியாக உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பொறுமையாக விளக்கினார். செல்லுக்குள் என்சைம் ஒன்று இருக்கிறதாம். வளரச் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லிவிட்டு அடங்கிவிடுமாம். சலேஹாவின் உடம்பில் அதன் மரபணு மாறிப்போனதால் ஓயாமல் வளர், வளர் என்று ஏவிக்கொண்டே இருக்கிறது. வேறு சில என்சைம்கள் செல்களைச் சுற்றியுள்ள சவ்வை அரித்து வழிவிட, நோய் ரத்தத்தில் இறங்கி எலும்புக்குப் போயிருக்கிறது. தரப்போகும் மாத்திரை அந்த முதல் என்சைமின் வாயை அடைக்கும்.

சலேஹா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். என் வீட்டுக்காரர் விட்ட புகையா?

“ஆன்ட்டி, புகை நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இந்த மாதிரி மாற்றம் சிகரெட்டே தொடாத பொம்பளைங்ககிட்டதான் நெறைய பாக்குறோம் லா. அவராலதான் வந்துச்சின்னு யாராலயும் சொல்ல முடியாது.”

வியர்த்து வழிய அலாவுதீன் உள்ளே வந்தார். டாக்டர் மறுபடி ஆரம்பிக்குமுன், எல்லாம் கேட்டாகிவிட்டது, போகலாம் என்று சலேஹா எழுந்துவிட்டாள். காடியில் அவர் கேட்டபோது, மாத்திரையைத் தவறாமல் சாப்பிடச் சொன்னார்கள் என்றாள். அது பொய்யில்லை. பாதி உண்மை. முழுசாகச் சொன்னால் அன்று சாயங்காலமே பற்றவைத்துவிடுவார் என்று பயந்தாள். தன் கெஞ்சலால் முடியாததைக் குற்ற உணர்ச்சி முடித்துக்கொடுத்தது, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தாள்.

மாத்திரை வேலை செய்தது. இருமல் குறைந்தது, வலி அடங்கியது. அவரோ கரைந்துகொண்டே போனார். திரைச்சீலைகளைத் துவைத்தார், சுவர்களுக்குச் சாயம் அடித்தார், தன் மூச்சு அவள்மேல் படக்கூடாதென்று ஹாலில் படுத்தார். வந்தவர்களெல்லாம் யாருக்கு நோய் என்று குழம்பினார்கள். ஒருநாள் தொழுகையில் நெற்றி தரையில் பட சஜ்தாவில் விழுந்து, அவளுக்குக் கொடுத்ததை எனக்குக் கொடு என்று அல்லாஹ்விடம் அழுதது அவள் காதில் விழுந்தது. பாவி, நானல்லவா இந்த மனிதரைக் கொல்கிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்போதும் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் இமான் வந்திருந்தாள். தட்டில் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்த தகப்பனைப் பார்த்து அவளுக்கு எரிச்சல் பொங்கியது.

“இப்ப அழுது என்ன பண்றது, அத்தா? அம்மாவுக்கு வந்தது ஒங்களாலதானே.”

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் சலேஹாவைச் சுட்டுவிட்டது.

“அவர் மேல குத்தம் சொல்லாதே. அவர் புகைதான்னு சொல்ல முடியாதுன்னு டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாங்க. திரும்பவும் பிடிப்பாருன்னு பயந்து நான்தான் மறைச்சேன். பாவம் என்னோடது.”

அலாவுதீன் நிமிர்ந்து பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

“ஒனக்குப் பொய்யே வராதே, சலேஹா. எனக்காக அதையும் கத்துக்கிட்டியா?”

சத்தியம் செய்தாள். டாக்டரிடமே கூட்டிப் போனாள். டாக்டரும் அதையே சொன்னார். அவர் பணிவாக நன்றி சொல்லிவிட்டு, வெளியே வந்ததும், நீ முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பாய் என்றார். இப்போது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், என் பாவத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்த்தவள் என்று பெண்டாட்டியைப் புகழ்கிறார். அதைக் கேட்கும்போது அவளுக்கு உடம்பு கூசுகிறது.

காலையில் மாத்திரையையும் வெந்நீரையும் நீட்டும்போதெல்லாம், என்னை மன்னித்துவிடு என்கிறார். மன்னிக்க ஒன்றுமே இல்லை என்று ஆரம்பத்தில் சண்டை போட்டுப் பார்த்தாள். இப்போது, மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிடுகிறாள். அதைக் கேட்ட பிறகுதான் அவர் தட்டில் கை வைக்கிறார்.