பூங்காவனம் இருமிய கதை

எங்கள் அக்கா பூங்காவனம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேண்டீனில் மாவு அரைப்பவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். அண்ணனூரில் தனியாக இருக்கிறாள், அடுத்த தெருவில் நான். தும்மினாலும் சிரித்தாலும் கனம் தூக்கினாலும் அவளுக்குச் சிறுநீர் கசியும். பல வருஷம் துணி வைத்து மறைத்தாள். கடைசியில் மாவுக் குண்டானைத் தூக்க மாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

கேண்டீன் காண்டிராக்டர் தேவராஜ் என்னைக் கூப்பிட்டு, "உங்கக்கா தூக்குனா வேலை, இல்லாங்காட்டி ஊட்ல குந்தச் சொல்லு" என்றான். தன் தொந்தியைத் தவிர வேறெதையும் தூக்கி அறியாத ஆள்.

ஆபரேஷன் என்று பேச்சு வந்ததும் ஊரெல்லாம் ஜோசியக்காரர்கள். தோசை ஊற்றும் வனஜா, "அதெல்லாம் நிக்காது யக்கா. எங்க அத்தைக்கும் பண்ணாங்க, பழையபடி வந்துட்ச்சி" என்றாள். அந்த அத்தைக்கு எடுத்தது கர்ப்பப்பை. இன்ன ஆபரேஷன் என்றே தெரியாத வாய்தான் முதலில் பலன் சொல்லும்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் திரைக்கு வெளியே நின்றேன். உள்ளே ஒரு சின்ன டாக்டரம்மா அக்காவை நிற்க வைத்து இருமச் சொன்னாள். இருமினாள். சொட்டுக்கூட வரவில்லை.

"கசிவே இல்லியே. ஆபரேஷன் எதுக்கு?" என்று சீட்டைத் தள்ளிவிட்டாள். அவ்வளவு படிப்பு!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா, வெளிய கெளம்புனா எங்கக்கா வாய்ல தண்ணியே ஊத்தாது. பஸ்ல மானம் பூடும்னு பயம். காலிக் குடத்த வெச்சிகினு ஒழுகுதான்னு பாக்குறீங்களே!"

சத்தம் கேட்டுப் பெரிய டாக்டரம்மா வந்தாள். அக்காவை நிறையத் தண்ணீர் குடிக்கவைத்துக் காத்திருக்கச் சொன்னாள். மறுபடி இருமியபோது தரை நனைந்தது. அக்கா முந்தானையால் துடைக்கக் குனிந்தாளாம், டாக்டரம்மா கையைப் பிடித்துத் தடுத்தாளாம்.

"அவசரமா வந்து அடக்க முடியாம போறதும் உண்டா?"

"இல்லம்மா. இருமுனா, தூக்குனாதான்."

"அப்ப மூத்திரக் குழாய்க்கு அடியில நாடா மாதிரி ஒண்ணு வெச்சுத் தாங்கிப் பிடிச்சா கசிவு நல்லா நிக்க வாய்ப்பு அதிகம். ஆனா முழு கேரண்டி யாராலயும் தர முடியாது."

அத்தனை பேர் சொன்ன பலனில் மதிக்கத்தக்கது அது ஒன்றுதான்.

ஆபரேஷன் ஆனது. கனம் தூக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு அக்காவை நானே கேண்டீனில் கொண்டுபோய் விட்டேன். தேவராஜ் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். அக்கா நிறைகுண்டானைத் தூக்கி மேடைமேல் வைத்தாள். வனஜாவின் கண் அக்காவின் புடவையையே மேய்ந்தது.

"இன்னா யக்கா, நின்னுட்ச்சா? எத்தினி நாளைக்கோ!"

"டாக்டருக்கே தெரியாதாம், ஒனுக்குத் தெரியுமா? இன்னிக்கு நிக்குதுடி. தள்ளு, அடுத்த குண்டான் கீது."