பேசத் தெரிந்தவன் வெட்டிய மரை

என் பேச்சைக் கேட்டவர்கள் எவரும் என் கைகளைப் பார்த்ததில்லை. பள்ளிக் காலந்தொட்டுச் சொற்போர் மேடைகளில் நின்றவன் நான். எதிரணி மூச்சு வாங்கும் இடத்தில் நுழையவும், நடுவரின் மணி ஒலிக்குமுன் முடிக்கவும் பயின்றவன். அந்தப் பயிற்சிக்காக நான் என்றும் வெட்கப்பட்டதில்லை. ஆனால் எனக்கு வர வேண்டிய ஒரு சாவி, நான் நன்றாகப் பேசினேன் என்ற ஒரே காரணத்தால் வேறொருவன் கைக்குப் போனது. அதை நான் மன்னிக்கவும் இல்லை.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், மாசாயில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்புறம், துணி காயப்போடும் இடத்தில், உலோகத்தைக் கடையும் ஒரு சின்ன லேத்து இருக்கிறது. இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் நண்பனும் நானும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது. அவன் தினமும் மோட்டார் சைக்கிளில் கடலைத் தாண்டிச் சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போகிறவன். அங்கே கணினி ஓட்டும் இயந்திரங்களில் பொருளை மாட்டுவதும் கழற்றுவதும் அவன் வேலை. திரும்பி வந்தால் எங்கள் லேத்தைத் தொடும் தெம்பு அவனுக்கு இருக்காது. நாற்காலியில் சாய்ந்து பாலில்லாத தே ஓ குடித்தபடி என்னைக் கேலி செய்வான். வெட்டுவது நான்.

பெரிய இயந்திரங்களுக்காக எழுதப்பட்ட பாடம் எதுவும் அந்தச் சின்ன இயந்திரத்துக்குப் பொருந்தவில்லை. சற்று ஆழமாக வெட்டினால் அதன் உடலே நடுங்கும். வேகத்தைக் குறைத்தால் மோட்டார் திணறி நின்றுவிடும். போல்ட்டின் உடலைச் சுற்றி ஓடும் மரையை வெட்டவோ நிதானமும் வேண்டும், பலமும் வேண்டும். எங்கள் லேத்து இரண்டையும் ஒரே நேரத்தில் தராது.

சாவிக்கு வருகிறேன். கெலாங் பாத்தாவில் ஒரு பல் மருத்துவர் இருக்கிறார். செட்டிநாட்டு வழிவந்த குடும்பம். மூடப்பட்ட தொழிற்சாலை ஒன்றிலிருந்து பெரிய லேத்து ஒன்றை வாங்கித் தம் கடைவீட்டின் பின்னறையில் நிறுத்தியிருந்தார். பொழுதுபோக்காக இரும்பும் பித்தளையும் கடையும் நாங்கள், நண்பனையும் சேர்த்துப் பத்துப் பேர், ஞாயிறுதோறும் அங்கே கூடுவோம். அவர் இருக்கும்போது மட்டுமே அதைத் தொடலாம். ஒரு ஞாயிறு அவர் அறிவித்தார்:

“சின்ன மெஷின்ல, தலைக்கு அடி வரைக்கும் சுத்தமா திரெட் ஓடுற மாதிரி ஒரு போல்ட் செஞ்சு கொண்டாங்க. யாரு செய்யிறாங்களோ, அவங்களுக்கு இந்த ரூமோட இன்னொரு சாவி. எப்ப வேணா வரலாம், போகலாம்.”

அந்தச் சாவிக்காக நான் ஏங்கினேன் என்று எழுதக் கூச்சமில்லை. நடுங்காத ஓர் இயந்திரத்தின் முன் தனியாக நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

முதல் சில போல்ட்டுகள் பாழாயின. மரை வெட்டும் கருவி தலையை நோக்கி ஓடும். நிறுத்துவதற்குள் தலையில் மோதி முனை உடையும். ஆகவே மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, லேத்தின் பின்முனையில் ஒரு கைப்பிடியைப் பொருத்திக் கையாலேயே சுற்றத் தொடங்கினேன்.

நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். “டேய், லேத்தாடா இது, ஐஸ் கச்சாங் சீவுற மெஷினா? மேல கொஞ்சம் சிரப்பு ஊத்து லா!”

அதுவும் போதவில்லை. தலையை நெருங்கும்போது கை தயங்கியது. தயங்கிய இடத்தில் மரை கோணியது. அப்போதுதான் வேலையையே திருப்பிப் போட்டேன். கருவியைத் தலைகீழாக மாட்டினேன். தலைக்கு அடியில் மெல்லிய பள்ளம் ஒன்றை எடுத்து, அங்கிருந்து தொடங்கி, கைப்பிடியை எதிர்த்திசையில் சுற்றி, தலையைவிட்டு விலகி வெளியே வரும்படி வெட்டினேன். மோத வேண்டிய சுவர் கருவியின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. மரை தலையடி வரை, ஒரு பிசிறில்லாமல் ஓடியது. நட்டை விரல் நுனியால் தட்டினேன். அது தானாகவே சுழன்றிறங்கித் தலையைத் தொட்டு நின்றது.

அடுத்த ஞாயிறு அந்தப் போல்ட்டை மருத்துவரின் மேசையில் வைத்தேன். எப்படிச் செய்தது என்று கேட்டார். எழுந்து நின்று சொன்னேன்: இயந்திரத்தின் குறை, அதற்கு நான் கண்ட மாற்று, அதன் காரணம், எல்லாவற்றையும் வரிசையாக, ஒரு சொல் தடுமாறாமல். கைதட்டினார்கள்.

“பிரமாதமா சொன்னீங்க தம்பி,” என்றார் மருத்துவர். “சரி, செஞ்சது யாரு?”

சிரிப்பு எழுந்தது. “நான்தான்,” என்றேன்.

அவர் பார்வை என் நண்பன் பக்கம் போயிருந்தது. “நீங்கதானே சிங்கப்பூர்ல மெஷின்ல நிக்கிறீங்க?”

“ஆமா டாக்டர். ரெண்டு பேரும் சேர்ந்துதான்...”

“வெட்டற டூல ஏன் கவுத்துப் போட்டீங்க?”

நண்பன் போல்ட்டைப் புரட்டிப் பார்த்தான். பிடரியைச் சொறிந்தான். “அது... சும்மா ட்ரை பண்ணதுதான் டாக்டர்.”

“கைவேலக்காரன் இப்படித்தான் லா,” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். “வேலையப் பத்திக் கேட்டா வாயே வராது.”

மருத்துவர் மகிழ்ந்து தலையாட்டினார். அவன் அறியாமை அடக்கமாயிற்று. என் தெளிவு வாய்ச்சவடாலாயிற்று. எங்கள் சமூகம் வாயையும் கையையும் இரண்டு அணிகளாகப் பிரித்து எதிரெதிரே உட்கார வைத்துவிட்டது. ஒருவனே இரண்டு அணியிலும் இருக்க அனுமதியில்லை.

“இப்பவே, இங்கயே செஞ்சு காட்டறேன் டாக்டர். ஒரு துண்டு பித்தளை குடுங்க,” என்றேன்.

“அட, கோவிச்சுக்காதீங்க தம்பி. உங்களுக்கு வேற வேல வச்சிருக்கேன். பத்து பாகாட் டவுன்ல நம்ம கண்காட்சி வருதுல்ல, அதுக்கு மேடையில பேசற எம்சி நீங்கதான்!”

மீண்டும் கைதட்டல். சாவி நண்பனின் உள்ளங்கையில் விழுந்தது.

திரும்பும் வழியில் கார் ஓட்டியபடியே அவன் சொன்னான்: “சாவி உன்னுதும்தான்டா. வேணும்னா நீயே வச்சுக்க.”

“அத அங்கயே சொல்லியிருக்கலாமே?”

“எல்லாரும் சந்தோஷமா இருக்கறப்ப என்னாத்தச் சொல்ல? அலமாக், ஒரு போல்ட்டுக்கு இவ்ளோ சூடா?”

“சேர்ந்து செஞ்சோம்னியே, நீ எதடா செஞ்ச?”

“மெஷின்ல பாதி என்னுதுதானே?”

அதற்கு என்னிடம் மறுப்பு இருந்தது. நடுவரே இல்லாத இடத்தில் வாதாடி என்ன பயன்? சாவியையும் நான் தொடவில்லை. பிறருக்கென்று கொடுக்கப்பட்டதைப் பங்கு போட்டு வாங்கும் பழக்கம் எனக்கில்லை. எம்சி வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவருக்கு ஒரே வரியில் செய்தி அனுப்பினேன்.

கண்காட்சி நெருங்கிய ஒரு சனிக்கிழமை நண்பன் வந்தான். பெரிய லேத்தில் அவன் வெட்டிய போல்ட்டுகள் சிலவற்றைத் தரையில் பரப்பினான். ஒவ்வொன்றிலும் மரை தலைக்கு வெகு முன்பே நின்றிருந்தது. ஒன்றில் கருவி மோதிய வடு.

“கண்காட்சில எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டச் சொல்றாருடா. அதுவும் நம்ம சின்ன மெஷின்லயே. ஒரு தடவ காட்டு லா. ஒரே ஒரு தடவ.”

“டாக்டர்கிட்டப் போய்க் கேளு.”

“அவருக்கும் தெரியலடா. அன்னிக்கு நீ சொன்னது யாருக்கும் ஞாபகமில்ல.”

“அது எனக்குத் தெரியும்.”

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் லேத்தின் மேல் கிடந்த பித்தளைத் துருவலைத் தூரிகையால் மெதுவாகக் கூட்டிக்கொண்டிருந்தேன். கூட்டி முடித்ததும் மறுபடி கூட்டினேன். கடைசியில் போல்ட்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு அவன் எழுந்தான். கதவு சாத்தப்பட்டது, படிகளில் காலடி இறங்கியது, கீழே மோட்டார் சைக்கிள் கிளம்பிச் சாலை முனையில் திரும்பியது. அதன் பிறகுதான் புதுத் துண்டொன்றை மாட்டி வெட்டத் தொடங்கினேன்.