அக்கா கொடுத்த சங்கிலி

எங்கள் அப்பாவுக்கு உயிரோடு இருந்த என் அம்மாவிடம் பயமே கிடையாது. செத்துப்போன பெரியம்மாவிடம்தான் பயம்.

பெரியம்மா என்றால் அப்பாவின் மூத்த தாரம். நான் பிறப்பதற்கு முன்பே, தண்ணீர் இறைக்கப் போனவள் கிணற்றில் தவறி விழுந்துவிட்டாளாம். அன்றைக்கென்று பார்த்துச் சங்கிலியைக் கழற்றி மாடக்குழியில் வைத்திருந்தாளாம். அது மட்டுமாவது தப்பியதே, எல்லாம் சாமி செயல் என்று அப்பா வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். அவளுடைய சேலையும் அந்தச் சங்கிலியும் ஓலைப்பெட்டிக்குள் தெய்வமாகிவிட்டன. ஆடி வெள்ளியில் படையல் உண்டு. பெட்டியைத் திறக்க இளைய தாரத்துக்கு மட்டும்தான் உரிமை. வேறு யார் தொட்டாலும் ரத்தம் கக்குவார்கள் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

எண்பதுகளின் கடைசியில் அப்பா வேறொரு சட்டத்தைத் தேடி ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனார். அம்மாவை விலக்க வேண்டும், என்னை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். தறி வைத்துப் பிழைத்தவர், மதுரையிலிருந்தே வக்கீலைக் கூட்டிவந்தார். அம்மாவும் நானும் இராஜபாளையத்தில் தனி அறை எடுத்திருந்தோம். பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்து அவள் வாங்கிய வாரச் சம்பளம் வாடகைக்கும் கஞ்சிக்குமே சரியாகப் போனது. அவள் போய்ப் பார்த்த வக்கீல் நல்ல மனுஷன். வழக்குச் செலவைப் புருஷனிடமே கேட்டு மனுப் போடலாம் என்றார்.

"ஆனா அது கைக்கு வர நாளாகும். அதுவரைக்கும் வண்டி ஓடணும்லா தாயி?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் கையை விடவே இல்லை. எனக்கு வலித்தது.

அதற்குள் ஆடி வந்துவிட்டது. கோர்ட்டில் அம்மாவை வேண்டாம் என்ற அதே அப்பா, படையலுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். கூத்தைப் பாருங்கள்.

உச்சிவெயில் நேரம். படைத்து முடித்ததும், செத்தவள் வந்து சாப்பிட வசதியாக எல்லோரும் வெளியேறிக் கதவைச் சாத்துவது வழக்கம். அன்று அம்மா மட்டும் உள்ளேயே இருந்துகொண்டாள். கதவைத் தட்ட அப்பாவுக்குத் தைரியமில்லை. நான் கதவில் காதை வைத்தேன். அம்மா தணிந்த குரலில் ஏதோ கேட்டாள். நிறுத்தினாள். பிறகு 'ம்' கொட்டினாள். எதிரே ஒருத்தி உட்கார்ந்து கதை சொன்னால் எப்படிக் கொட்டுவோமோ அப்படி. கதவிடுக்கில் ஈரச்சேலை வாடை வந்தது. சத்தியமாக வந்தது.

வெளியே வந்தபோது அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏத்துக்கிட்டாளா?"

"ஏத்துக்கிட்டா. எனக்கும் ஒண்ணு குடுத்தா."

அருள்வாக்கு என்று நினைத்து அப்பா பெட்டி இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் முதலில் நகைக்கடை, அப்புறம் வக்கீல் வீடு. சங்கிலி ஏது என்று கடைக்காரர் கேட்டதற்கு, எங்க அக்கா குடுத்தா என்று அம்மா கண்ணிமைக்காமல் சொன்னாள். வழக்கு இழுத்து இழுத்து ஒருவழியாக முடிந்தது. நான் அம்மாவோடுதான் வளர்ந்தேன். அப்பா கடைசிவரை அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவே இல்லை.

சங்கிலியை விற்றுவிட்டுத் திரும்பிய பஸ்ஸில், பெரியம்மா உள்ளே என்ன சொன்னாள் என்று அம்மாவைக் கேட்டேன்.

"நீயாச்சும் வாசல் வழியா நடந்து போயிருன்னா."

எல்லோரும் வாசல் வழியாகத்தானே போவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் இறைக்கப் போகிறவள் எதற்குச் சங்கிலியைக் கழற்றி வைத்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.