உதியன்குளங்கரையில் பதினான்கு அயனிகளும் ஒரு வடிகாலும்

தொண்ணூறுகளின் நடுவில் நாகர்கோவிலில் ஒரு சிறிய கட்டடப் பொறியாளர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். கேரள எல்லைக்குள் இருக்கும் உதியன்குளங்கரை சந்திப்புக்கு அருகே பதினெட்டுக் கடைகள் கொண்ட வளாகம் கட்ட ஒருவர் அனுமதி கேட்டிருந்தார். வெட்டும் மரங்களுக்கு ஈடாக என்ன நடுவார், விளக்குகள் எங்கே, மழைநீர் எங்கே போகும் என்று பார்த்து ஊராட்சிக்கு அறிக்கை தர வேண்டும். இரண்டு மணி நேர வேலை என்றார் மேலாளர். இடவப்பாதி என்று அங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய வாரம் அது. அவர் ஏன் போகவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

வடசேரியில் 6.40க்குப் பேருந்து. முப்பது கிலோமீட்டர் சொச்சம். களியக்காவிளையில் இறங்கும்போது 8.20. இன்னும் ஆறு கிலோமீட்டர்தான். ஆனால் தமிழ்நாட்டு ஆட்டோக்காரர்கள் எல்லை தாண்டமாட்டோம் என்றார்கள். தூறலில் சோதனைச்சாவடியைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ பிடித்தேன். முப்பது ரூபாய். அந்தக் காலத்தில் பகல் கொள்ளை.

இடத்தின் உரிமையாளர் சிதம்பரம் பிள்ளை குடையோடு காத்திருந்தார். வரைபடத்தில் பதினான்கு அயனி மரங்கள். ஐந்தை விட்டுவைப்பதாக அவரே எழுதிக் கொடுத்திருந்தார். தரையில் இருந்தவை பதினான்கு அடிக்கட்டைகள். பால் இன்னும் காயவில்லை. மரங்கள் எங்கே என்றேன். பாலித்தீன் பைகளில் முழங்கால் உயரத்துக்கு நின்ற அசோகக் கன்றுகளைக் காட்டினார். பதினாலுக்குப் பதினாலு, சரியாகிவிட்டதாம்.

வரைபடத்தில் ஆறு விளக்குகளும் சாலையைப் பார்த்திருந்தன. பின்பக்க இடைவழிக்கு ஒன்றுகூட இல்லை. அந்த வழியில் யாரும் போவதில்லை என்றார்.

வடிகாலின் அம்புக்குறி 'ஓடை' என்ற இடத்தில் முடிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஒரு ஓட்டு வீட்டின் முற்றம்தான் வந்தது. ஓடையை மண்போட்டு மூடி இரண்டு வருடமாம். யார் மூடியது என்று கேட்டதற்குப் பிள்ளை வானத்தைப் பார்த்தார்.

அந்த வீட்டுக்காரர் செலின், மீன் விற்கும் பெண். பொழியூரில் இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோனபின் இங்கே மூன்று சென்ட் வாங்கி வந்தவர். தினமும் விடியுமுன் மீன் எடுக்கக் கிளம்புவது அதே இடைவழியாகத்தான்.

11.30க்கு மழை வலுத்தது. மரம் போன மேட்டிலிருந்து செம்மண் தண்ணீர் நேராக இறங்கி, அரை மணி நேரத்தில் அடுக்களைப் படியைத் தாண்டியது. நானும் செலினும் அரிசிப் பானையையும் பாய்களையும் பெஞ்சில் ஏற்றினோம். பிள்ளையை உள்ளே கூப்பிட்டு அந்தத் தண்ணீரில் நிற்கவைத்தேன்.

"மழையல்லியா மோளே, பெய்யத்தான் செய்யும். நீ ஒப்பிட்டா மதி," என்றார் அவர். கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

செலின் குரலை உயர்த்தவில்லை. "சாறே, ஒரு வீட்ட கடலு எடுத்து. அதுகிட்ட போய்க் கேக்க முடியாது. இத நீங்க எடுக்கியதாக்கும்."

பிள்ளை குடையை விரித்துக்கொண்டு போனார். நான் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: சாலையோரமாக 140 மீட்டர் மேற்கே இருக்கும் மதகுவரை வடிகால் கட்டாமல் அனுமதி கூடாது. மேலாளர் படித்துவிட்டு, இனி உன்னை எல்லை தாண்டி அனுப்பமாட்டேன் என்றார். ஆனால் ஒரு சொல்லையும் மாற்றாமல் அறிக்கையை அனுப்பினார். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

ஐப்பசியில் நானாகவே ஒருமுறை போனேன். வளாகம் எழும்பிக்கொண்டிருந்தது. மதகுவரை வடிகால் கட்டியிருந்தார்கள். கன்றுகளில் நான்குதான் மிச்சம். செலினின் வலது கையில் மாவுக்கட்டு.

"முற்றத்தில தண்ணி ஏறல்ல மக்கா. வழியில வெட்டம் இல்ல, அதாக்கும். பழைய ஓடைக் கல்லுல தட்டி விழுந்தேன்."

வெட்டம் என்றால் வெளிச்சம். ஒரு மாதமாக அவர் மீன் எடுக்கப் போகவில்லை.

இதுபோல இடம் பார்க்கப் போகிறவர்களுக்கு: எல்லை தாண்டும் பேருந்திலேயே ஏறுங்கள், ஆட்டோ தொல்லை இல்லை. மழை நாளில் போங்கள். ரப்பர் செருப்பு போடுங்கள். உரிமையாளரைப் பார்க்குமுன் பள்ளத்து வீட்டுக்குப் போய், யார் எந்த வழியில் எத்தனை மணிக்கு நடக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டதை அழுத்தி எழுதுங்கள். என் அறிக்கையின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. வடிகாலுக்கு இரண்டு பக்கம், மரங்களுக்கு அரைப் பக்கம். விளக்குக்கு ஒரே வரி: பின்வழிக்கு ஒன்று இருந்தால் நல்லது.