வலது பக்கம் விழுந்த சொட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கட்டுக்கதை இல்லை. திருத்தணியில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒரு வாடகை வீட்டில் நடந்தது. நடுராத்திரியிலும் நடக்கவில்லை. சனிக்கிழமை காலை, மணி ஒன்பது பதினாலு. பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து ஒலிபெருக்கிப் பாட்டு கேட்டது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யாராவது சொன்னால் சுதாகரிடம் அனுப்பி வையுங்கள்.

சுதாகருக்கு அரக்கோணத்தில் ஒரு கூரியர் ஆபீசில் வேலை. எனக்கு ரயில் சிநேகிதன். பொய் சொல்ல வராது அவனுக்கு. ஆனால் மற்றவர்கள் எல்லோரும் தன்னிடம் பொய்தான் சொல்கிறார்கள் என்று நினைப்பான். வெண்டைக்காய் வாங்கினால் ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துத்தான் பையில் போடுவான்.

அவன் மனைவி மோனிகாவுக்கு ஆறாம் மாதம். அரக்கோணத்துக்கு ஸ்கேனுக்குப் போக வேண்டும். பஸ்ஸில் குலுக்கல், ரயிலில் நிற்க இடமில்லை. அதனால் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினான். பார்த்துக் கொடுத்தது மோனிகாவின் அண்ணன் ராஜவேலு. பைபாஸ் ஓரம் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறவன். பொதட்டூர்பேட்டை வண்டி, ஒரே ஆள் கையில் ஓடியது, இன்ஜின் கல்லு மாதிரி இருக்கிறது என்று சொல்லி, புது சீட்டும் போட்டுக் கொடுத்தான்.

வண்டி வந்தது திங்கட்கிழமை. செவ்வாய் காலை ஏழு இருபதுக்கு சுதாகர் வாசல் கிரில்லைத் திறந்தான். சிமெண்ட் தரையில் எண்ணெய். ஒரு ரூபாய்க் காசு அகலம்.

ராஜவேலுவுக்கு போன் போட்டான். பழைய வண்டி என்றால் ஒரு சொட்டு ஒழுகத்தான் செய்யும், இன்ஜின் அடியில் ஆயில் இறக்குகிற போல்ட்டின் வாஷர் தேய்ந்திருக்கும் என்றான் அவன். சாயங்காலமே வந்து வாஷரை மாற்றினான்.

புதன் காலை... மறுபடியும் எண்ணெய்.

சுதாகருக்கு இப்போது ஒன்று உறுத்தியது. இன்ஜின் வண்டியின் நடுவில் இருக்கிறது. சொட்டு விழுந்திருப்பதோ பின்னால், வலது பக்கம், சைலன்சருக்குக் கீழே. பின் சக்கரத்தின் ஓரத்திலும் ஒரு துளி. இன்ஜின் ஆயில் அங்கே எப்படிப் போகும்? மச்சான் எதையோ மறைக்கிறான் என்று முடிவு கட்டினான்.

ராஜவேலுவுக்கும் சிரிப்பு போய்விட்டது. தரையில் விழுந்தால் துடைத்துவிடலாம், டயரில் பட்டால் அவ்வளவுதான் என்றான். வளைவில் வண்டி படுத்துவிடும். பின்னால் உட்கார்ந்திருப்பது மோனிகா. சனிக்கிழமை பதினொன்றரைக்கு ஸ்கேன். அதற்குள் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

வியாழன் சாயங்காலம் சுதாகரும் மோனிகாவும் டயரைத் துடைத்துவிட்டு அந்த வண்டியிலேயே மார்க்கெட்டுக்குப் போய் வந்தார்கள். வழியில் ஒரு வாசனை. சூடான தோசைக்கல்லில் எண்ணெய் விட்டால் வருமே, அது. வீட்டுக்கு வந்து இறங்கியதும் சுதாகர் பார்த்தான். மோனிகாவின் புடவையில், முதுகுப் பக்கம், எண்ணெய்க் கறை.

தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் வைக்கவே இல்லை என்றாள். அவன் நம்பவில்லை. அவளும் அண்ணனோடு சேர்ந்துகொண்டு ஏதோ பூசி மெழுகுகிறாள் என்று நினைத்தான். பாவம் அந்தப் பெண். அன்று இரவு இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த சந்தேகம் மேல் வீட்டுப் பாஞ்சாலி மேல். வீட்டுக்காரம்மா. வாசலில் வண்டி நிறுத்தக் கூடாது என்று வண்டி வந்த அன்றே சண்டை போட்டவள். எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றி ஏதாவது செய்வினை வைக்கிறாளோ? வெள்ளிக்கிழமை கிரில்லுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டான். அன்றைக்குப் பாஞ்சாலி ஊரிலேயே இல்லை. மணவூரில் தங்கை வீட்டு விசேஷம்.

சனிக்கிழமை காலை பூட்டு அப்படியே இருந்தது. எண்ணெயும் இருந்தது.

ஒழுகலைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குகளிடம் ஒரு வழி உண்டு. இன்ஜினைப் பெட்ரோல் போட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மேலே முகப் பவுடரைத் தூவ வேண்டும். பத்து நிமிஷம் ஓடவிட வேண்டும். வெள்ளையில் எங்கே ஈரம் தெரிகிறதோ, அங்கேதான் ஓட்டை. ராஜவேலு இதை போனில் சொன்னான். வேறு வண்டியைப் பிரித்துப் போட்டிருப்பதால் சாயங்காலம் வருவதாகவும் சொன்னான்.

வீட்டில் பவுடர் டப்பா காலி. கடை திறக்கவில்லை. பூஜை மாடத்தில் கிருத்திகைக்கு மலையேறியபோது கொண்டுவந்த விபூதி, ஒரு பெரிய பொட்டலம் இருந்தது. சுதாகர் ஒரு நிமிஷம் தயங்கினான். முருகனுக்குத் தெரியாததா, ஆத்திர அவசரம்தானே என்று எடுத்துவிட்டான். இன்ஜின் மேல் தூவினான். சந்தேகப் பிராணி அல்லவா, அதோடு விடவில்லை. சைலன்சர், டயர், சீட்டு, சுற்றிலும் தரை... எல்லா இடத்திலும் தூவினான். அந்த வண்டிக்கு விபூதி பூசியது அவன்தான். இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் வருத்தப்படுகிறான்.

எட்டு ஐம்பத்தெட்டுக்கு இன்ஜினைப் போட்டான். ஒன்பது எட்டுக்கு அணைத்தான். குனிந்து பார்த்தான். போல்ட் காய்ந்திருந்தது. கவர் காய்ந்திருந்தது. எல்லாம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை.

பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தான். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று.

ஒன்பது பதினொன்று. ஒன்றும் இல்லை.

ஒன்பது பதிமூன்று. பக்கத்து வீட்டு டிவியில் விளம்பரம்.

ஒன்பது பதினாலு.

'க்ரீச்...'

பின்பக்க ஸ்பிரிங் அமுங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்தால் அமுங்குமே, அதே மாதிரி. கிரில் பூட்டியிருந்தது. தரை விபூதியில் ஒரு கால் தடம் இல்லை.

சீட்டைப் பார்த்தான்.

பின் சீட்டில் தூவிய விபூதி நடுவில் அழுந்தியிருந்தது. ஒரு குழி. புடவை கட்டிய பெண்கள் இடது பக்கமாகக் காலைப் போட்டு உட்காருவார்களே... அந்த வாக்கில்.

அப்படி உட்கார்ந்தால் முதுகு வலது பக்கம் வரும்.

'ஸ்ஸ்ஸ்...'

சூடான சைலன்சரில் ஒரு சொட்டு. அதே வாசனை.

அது இன்ஜினிலிருந்து விழவில்லை. சீட்டிலிருந்தும் விழவில்லை. சீட்டுக்கு ஒரு சாண் மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு துளி திரண்டது.

கனத்தது.

விழுந்தது.

பின்னிய தலைமுடியின் நுனியிலிருந்து சொட்டுவதுபோல...

சுதாகரால் எழுந்திருக்க முடியவில்லை.

பின்னால் கதவு திறந்தது. மோனிகா. ஸ்கேன் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு, புறப்பட்டுத் தயாராக.

"இன்னாங்க, போலாமா?"

அப்போதுதான் அது நடந்தது.

சீட்டில் இருந்த அந்தக் குழி நகர்ந்தது.

மெதுவாக.

பின்னால்.

மோனிகா உட்கார... இடம் விட்டது.

அவன் எப்படி எழுந்தான், எப்படி அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான் என்று அவனுக்கே நினைவில்லை. கொல்லைப்புற வழியாக ஆட்டோ பிடித்து அரக்கோணம் போனார்கள். வழி முழுக்க அவள் கையை விடவே இல்லை. குழந்தை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். மோனிகாவிடம் காரணம் சொல்லவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு ராஜவேலு வந்தான். சைலன்சருக்குக் கீழே இருந்த எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்தான். முகர்ந்தான். முகம் மாறியது.

"மாப்ள, இது இன்ஜின் ஆயில் இல்ல. நல்லெண்ணெய். சீயக்கா கலந்துகீது."

நல்லெண்ணெயும் சீயக்காயும் சேர்த்துத் தலையில் வைப்பது எப்போது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பிணத்தைக் குளிப்பாட்டும் முன்னால், சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வைப்பார்கள்.

"உண்மைய சொல்லு மச்சான்," என்றான் சுதாகர்.

ராஜவேலு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். சாவு விழுந்த வண்டிதான். வண்டிக்காரர் பக்தவச்சலம், பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறவர். அவர் மனைவி பின்னாலிருந்து விழுந்து இறந்தாள். வண்டி நல்ல வண்டி, சொன்னால் நீ வாங்க மாட்டாய் என்று மறைத்துவிட்டேன் என்றான். சுதாகர் அவனை அடிக்கக் கை ஓங்கினான். பிறகு கையை இறக்கிக்கொண்டு, அந்த ஆளுக்கு போன் போடு என்றான்.

ஸ்பீக்கரில் போட்டார்கள். பின்னால் தறிச் சத்தம் கேட்டது. பக்தவச்சலம் எழுந்து தள்ளி வந்து பேசினார். வண்டியில் நல்லெண்ணெய் எப்படி வந்தது என்று சுதாகர் கேட்டான்.

"ஆங்... ஆஸ்பத்திரியில அவ ஒடம்ப மூட்டையா கட்டிக் குடுத்துட்டாங்க. தலைக்கு எண்ணெய் வெக்கக்கூட பிரிக்க முடியல. கடைசியா உக்காந்த எடத்துல வெச்சிடுங்கன்னு பெரியவங்க சொன்னாங்க. வந்தவங்க எல்லாரும் சீட்டு மேல வெச்சோம்."

சுதாகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சீட்டு பஞ்சில் ஊறிய எண்ணெய்தானா? அதுதான் கசிகிறதா? அவன் ராஜவேலுவைப் பார்த்தான். ராஜவேலு இல்லை என்று தலையை ஆட்டினான். அந்தப் பழைய சீட்டை ஷெட்டுக்குப் பின்னால் வைத்துக் கொளுத்திவிட்டதாக மெல்லச் சொன்னான்.

சரி, காரியம் முடிந்த பிறகுதான் ஒழுக ஆரம்பித்ததா என்று சுதாகர் போனில் கேட்டான்.



"இல்லீங்க. நான் செகண்ட் ஹாண்டுல வாங்கின மறுநாள்லருந்தே ஒழுகினு இருந்துச்சு. வலது பக்கம், பின்னாடி. மூணு மெக்கானிக்குக்கு காட்டினேன். எங்கருந்து வருதுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள டயர் வழுக்கி அவ பூட்டா."

சுதாகர் போனை வைத்துவிட்டான். அவருக்கு முன்னால் அந்த வண்டி யாரிடம் இருந்தது என்று கேட்க, இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை.