அருவிச் சத்தம் கேட்கும் அறை

தென்காசியில் முகம்மது யூசுப்பின் வீட்டுக்குப் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது கட்டில். விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. நான்கு மூலைகளும் தபால் உறை போல மடித்து மெத்தைக்கு அடியில் செருகப்பட்டிருக்கும். துபாயில் ஒரு ஹோட்டலில் இருபத்தாறு வருடம் அறை சுத்தம் செய்தவர் யூசுப். நாளுக்குப் பதினாறு அறைகள்.

போன ஜூன் மாதம் அந்தக் கட்டிலில் அவர் மனைவி ஜாஹிரா பீவி படுத்திருந்தார். கர்ப்பப்பையில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்பு வரை போய்விட்டது. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஜாஹிரா கேட்டது ஒன்றுதான். குற்றாலத்தில், அருவிச் சத்தம் கேட்கும் அறையில் ஒரு நாள்.

வீட்டிலிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் யூசுப்புக்கு லீவு இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான். வந்துவிட்டால் வீடு முழுக்க ஆள். புருஷனும் பெண்டாட்டியும் தனியாக இரண்டு வார்த்தை பேச இடமில்லை. அதனால் ஒவ்வொரு லீவிலும் எங்காவது போய் அறை எடுத்துத் தங்குவார்கள். கடைசி இரண்டு நாள் மட்டும் எப்போதும் குற்றாலம். அங்கிருந்தே அவர் செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கிளம்புவார். ஜாஹிரா டவுன் பஸ்ஸில் வீடு திரும்புவார். இப்படிப் பதிமூன்று லீவு.

குற்றாலத்துக்குப் புறப்படுகிற காலையில் யூசுப் பை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கொடைக்கானல் லாட்ஜுல எட்டு மணிக்கு மேல வெந்நி கெடையாதுன்னானே, ஞாபகம் இருக்கா?" என்றார் ஜாஹிரா.

"நீ ஏழு மணிக்கே வாளியத் தூக்கிட்டு நின்னியே."

"தேக்கடில கொரங்கு உங்க கண்ணாடியப் பறிச்சிட்டு மரத்துல ஏறிட்டு. நீங்க கீழ நின்னு அதுகிட்ட ஹிந்தில கெஞ்சுனீங்க."

"பழக்கதோஷம்ட்டி. அங்கன மேலதிகாரிகிட்ட ஹிந்திதான்."

ஜாஹிரா சிரித்தார். வலி வந்தது. அது அடங்கிய பிறகு சொன்னார்: "எங்க போனாலும் நீங்க தங்க வந்த ஆளா இருந்ததே இல்ல. குழாயத் திருகிப் பாப்பீங்க. துண்ட மடிப்பீங்க. காலி பண்ணும்போது கட்டில விரிச்சு வச்சிட்டுத்தான் வருவீங்க."

"என்னைய மாதிரி ஒருத்தன்தான அதச் சுத்தம் பண்ணணும்."

"இந்தத் தடவ சும்மா என் பக்கத்துல இருங்க. அது போதும்."

தெருமுனை ஆட்டோக்காரர் பென்னியின் வண்டியில் போனார்கள். முதல் லாட்ஜில் யூசுப் தரைத்தளத்தில் அறை கேட்டார். கேட்டதோடு நிறுத்தவில்லை. "மெத்தைக்கு மேல போட ரப்பர் ஷீட் கொண்டாந்திருக்கேன். உங்க மெத்தைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் எட்டி ஆட்டோவைப் பார்த்தார்.

"சீசன் நேரம் பாய். ரூமு ஒண்ணும் இல்ல."

அவர் தலைக்கு மேலே பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கின.

"சீக்காளின்னு நெத்தியில எழுதி ஒட்டிட்டுப் போங்க" என்றார் ஆட்டோவில் இருந்த ஜாஹிரா.

இரண்டாவது லாட்ஜில் யூசுப் வாய் திறக்கவில்லை. கால் சுளுக்கு என்று பென்னி சொன்னார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி ஜாஹிராவைப் பின்பக்க அறைக்குக் கூட்டிப்போனார்கள். பென்னி கிளம்பியதும் யூசுப் ஜன்னலைத் திறந்தார். சாரல் காற்றோடு அருவியின் இரைச்சல் உள்ளே வந்தது.

"தண்ணி நல்லா விழுது" என்று கண்ணை மூடிக்கொண்டார் ஜாஹிரா.

யூசுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் இருந்திருப்பார். பிறகு எழுந்து பையைத் திறந்தார்.

"ஷீட்ட எடுக்காதீங்க."

"மெத்த போயிரும் ஜாஹிரா."

"நானே போறேன். மெத்த போனா என்ன?"

யூசுப்பால் சும்மா இருக்க முடியவில்லை. ஜாஹிராவை வலிக்காமல் ஒருபக்கம் சாய்த்து, ரப்பர் ஷீட்டைப் போட்டு, மேலே விரிப்பை இழுத்துவிட்டார். துண்டு கொடுக்க வந்த முத்துசெல்வி, அந்த லாட்ஜின் துப்புரவுக்காரி, விரிப்புக்கு வெளியே தெரிந்த சிவப்பு ரப்பர் விளிம்பைப் பார்த்தார். துண்டை வைத்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் மேனேஜர் வாசலில் நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க பாய். இங்கன ஏதாவது ஆயிட்டுன்னா போலீஸ், விசாரணைன்னு எங்க சீசனே போயிரும். வேற எடம் பாத்துக்கிடுங்க."

அவர் போனதும் ஜாஹிரா கேட்டார்: "அந்தப் பிள்ளதான் சொல்லியிருக்கும், என்ன?"

"ஆமா."

"நீங்களா இருந்தா?"

யூசுப் ஜன்னலைப் பார்த்தார். துபாயில் ஒருமுறை, ஒரு கிழவர் தங்கிய அறைத் துண்டில் ரத்தத்தைப் பார்த்து யூசுப்தான் மேலதிகாரியிடம் சொன்னார். ஒரு மணி நேரத்தில் கிழவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் என்று யூசுப்புக்குக் கிடைத்த சான்றிதழ் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைத்தவர் ஜாஹிரா.

"சொல்லியிருப்பேன்" என்றார்.

"அவளுக்கும் சர்டிபிகேட் குடுப்பாங்க" என்றார் ஜாஹிரா.

யூசுப் பென்னிக்குப் போன் செய்தார். ஜாஹிராவை நாற்காலியில் உட்காரவைத்து ரப்பர் ஷீட்டை உருவினார். மெத்தை நனையவில்லை. விரிப்பு நனைந்து கசங்கிக் கிடந்தது. கை தானாக அதன் மூலைக்குப் போனது. ஜாஹிரா பார்த்துக்கொண்டிருந்தார். யூசுப் விரிப்பை விட்டுவிட்டு, இன்னொரு நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆட்டோ வரும் வரை எழுந்திருக்கவில்லை. அருவி விழுந்துகொண்டே இருந்தது.

திரும்பும் வழியில் ஜாஹிரா கேட்டார்: "இதையும் சேத்தா பதினாலுதான?"

"ரெண்டு மணி நேரங்கூட இருக்கலியே."

"சேத்துக்கிடுங்க."

ஒன்பதாம் நாள் ஜாஹிரா இறந்தார். யூசுப் கட்டிலை விரித்து நான்கு மூலைகளையும் செருகினார். அன்றிலிருந்து அவர் தரையில் பாய் போட்டுத்தான் படுக்கிறார்.