போட்டோவில் இருந்த தாழ்ப்பாள்

எங்கள் கம்பெனியின் புகார்ப் பெட்டிச் சாவி பதினோரு வருடமாக என் கைப்பையில்தான் கிடக்கிறது. பெருமாநல்லூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் பனியன் கம்பெனி. குழந்தைகளின் டி-சர்ட்டும் இரவு உடையும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். நான் அங்கே மனிதவள அதிகாரி. பெயர்தான் பெரிது. லீவு கணக்கு பார்ப்பது, துணி வாங்கும் பையர் கம்பெனிகள் அனுப்புகிற தணிக்கைக்காரர்களுக்கு ஃபைல் எடுத்துக் கொடுப்பது, சனிக்கிழமை மதியம் புகார்ப் பெட்டியைத் திறப்பது. பெட்டிக்குள் பெரும்பாலும் மிட்டாய்க் காகிதமும் ஸ்டிக்கர் உரித்த தாளும்தான் இருக்கும். அதிசயமாக நிஜப் புகார் ஒன்று விழுந்துவிட்டால் அதற்கு எழுத்தில் பதில் தர வேண்டும், பதிலை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும், குறையைச் சரிசெய்ததைப் போட்டோ எடுத்துப் பையருக்கு அனுப்ப வேண்டும். இது பையர்கள் போட்ட விதி.

அந்தச் சனிக்கிழமை வந்தது ஸ்டிக்கர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய இரண்டு வரி. "பின்னாடி லேடீஸ் பாத்ரூம் கதவில் தாழ்ப்பாள் இல்லை. போட்டுக் கொடுங்கள்." பெயர் இல்லை. ஆனாலும் கையெழுத்து எனக்குத் தெரியும். தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் நிற்கும் பெண், உசிலம்பட்டிப் பக்கம், முப்பது வயது இருக்கும். லீவு விண்ணப்பத்திலும் இதே மாதிரி உருண்டை எழுத்துதான் எழுதுவாள். கேண்டீனில் பார்த்து, "என்ன கண்ணு, தாழ்ப்பாள் எப்பப் போச்சு?" என்று கேட்டேன்.

"அது போயி ரெண்டு மாசம் ஆச்சுக்கா. இத்தன நாளு ரெண்டு பேரா போவோம். ஒருத்தி வெளிய கதவப் பிடிச்சுக்கிருவா. இப்பத்தான் ரெண்டு பேரு சேந்து போகக் கூடாதுன்னுட்டாங்களே. காலைலருந்து நான் தண்ணியே குடிக்கிறதில்ல. ஒண்ணுக்குப் போனா எரியுது."

இரண்டு பேர் சேர்ந்து போகக் கூடாது என்ற அந்த உத்தரவை டைப் செய்து ஒட்டியது நான்தான். அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் முதலாளி தங்கமான மனுஷர். தோட்டமும் மாடுமாக இருந்த குடும்பத்திலிருந்து வந்தவர், டிரைவரைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். அவருடைய மச்சினர் ஒருவர் உண்டு, ஆபீஸ் பொறுப்பு அவரிடம். கேட்டதற்கெல்லாம் பதில் எழுதும் இந்த ஏ.ஐ. மெஷின்கள் வந்ததிலிருந்து இருவருக்கும் வேறு பேச்சே இல்லாமல் போனது. ஒன்று முதலில் வந்தது. அது பழகுவதற்குள் அதே அமெரிக்காவிலிருந்து இன்னொன்று, அதைவிடக் கெட்டிக்காரன் என்றார்கள். பிறகு சீனாவிலிருந்து ஒன்று. பேக்கரியில் டீ குடிக்கப் போனால் பக்கத்து டேபிளில் வேறு கம்பெனி முதலாளிகள், "நீங்க இன்னும் அதையா வெச்சிருக்கறீங்க? போன வாரமே புதுசு வந்துருச்சுங்க" என்பார்கள். இவர்கள் முகம் வாடித் திரும்பி வந்து, அன்றைக்கே புதிதையும் இறக்கிவிடுவார்கள். அந்த மூன்றில் ஏதோ ஒன்றிடம் செக்கிங்கில் உற்பத்தியைக் கூட்டுவது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். அது கொடுத்த பட்டியலில் ஒரு வரிதான் அந்த உத்தரவு.

புகாரை முதலாளியிடம் கொண்டுபோனேன். "ஆகட்டுங்க, பண்ணிரலாம்" என்றார். பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த 'பண்ணிரலாம்' என்ன என்று தெரியும். நூல் வருவதற்கு முன்பே டெலிவரி தேதியை உறுதிசெய்து மெயில் போகும் தொழில் இது. முதலில் காகிதத்தில் முடிப்போம், பிறகு கையால் செய்வோம். புகார்களையும் அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தேன். முந்தைய வருடங்களில் பதிலை எழுதி மெயில் போட்டுவிட்டு, மறுநாளோ அடுத்த வாரமோ ஆளைப் பிடித்து வேலையை முடித்துவிடுவேன். எழுதுவது எனக்குச் சிரமமான காரியம் என்பதால், எழுதியதற்காகவாவது செய்துவிட வேண்டும் என்று தோன்றும்.

இந்த முறை என்னை எழுதவிடவில்லை. "மேடம், மூணுத்துக்கும் டெஸ்ட் வெச்சுப் பாத்தறலாங்க" என்றார் மச்சினர். கான்பரன்ஸ் ரூமில் பெரிய டி.வி. திரையைப் போட்டு, புகாரை மூன்றுக்கும் கொடுத்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் மூன்று பதில்கள். ஒன்று பெண்களின் கண்ணியத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியது. இன்னொன்று ஏழு கட்டத் திட்டம் கொடுத்தது, அதில் நாலாவது கட்டம் கதவுகள் பற்றிய விழிப்புணர்வுக் கூட்டம். சீனாவிலிருந்து வந்தது, 'அன்புள்ள சகோதரி, உங்கள் வலியை நாங்கள் உணர்கிறோம்' என்று ஆரம்பித்தது. எரிச்சல் இவளுக்கு, வலியை உணர்வது அது. மச்சினர் பேப்பரில் மூன்று கட்டம் போட்டு மார்க் போட்டார்.

"ஏனுங்க மேடம், எது நல்லாருக்குதுங்க?" என்று முதலாளி கேட்டார்.

"சார், தாழ்ப்பாள் வாங்கோணுமுங்க" என்றேன்.

"வாங்கிக்கலாங்க. மொதல்ல ரிப்ளை முடியட்டும்."

ரிப்ளை முடியவில்லை. நாலே நாளில் இரண்டாவது மெஷினுக்குப் புது வெர்ஷன் வந்துவிட்டது என்று மறுபடியும் திரையைப் போட்டார்கள். அதே தாழ்ப்பாள், அதே மூன்று பேர், புது மார்க். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல ஒவ்வொரு வாக்கியத்தையும் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு பெண் ஒண்ணுக்குப் போக முடியாமல் இருப்பதை வைத்து மூன்று மெஷின்களுக்குப் பரீட்சை. நானும் நாற்காலியைப் போட்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எது நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறை கேட்டபோது, கையைக்கூட நீட்டி ஒன்றைக் காட்டினேன். நான் காட்டியது சகோதரி என்று ஆரம்பித்ததை.

அதைத்தான் போர்டில் ஒட்டினோம். அடுத்தது போட்டோ. "தாழ்ப்பாள் போட்டாத்தானுங்க போட்டோ எடுக்க முடியும்" என்று மச்சினரிடம் சொன்னேன். இனி தப்பிக்க முடியாது என்ற சந்தோஷத்தோடுதான் சொன்னேன். அவர் பாத்ரூம் கதவைத் திறந்துவைத்து உள்பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்தார். பிறகு மூன்று மெஷின்களிடமும், இந்தக் கதவில் ஒரு தாழ்ப்பாள் வைத்துக் கொடு என்று கேட்டார். முதலாவது தாழ்ப்பாளைப் பக்கத்துச் சுவரில் வைத்தது. இரண்டாவது கீல் இருக்கிற ஓரத்தில் வைத்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மூன்றாவது சரியாகச் செய்துவிட்டது. எங்கள் அதே கதவு, அதே உரிந்த நீலப் பெயிண்ட், அதே உடைந்த டைல்ஸ், நடுவில் பளபளவென்று ஒரு ஸ்டீல் தாழ்ப்பாள், நாலு ஸ்குருவோடு.

அதைப் பையரின் இணையதளத்தில் ஏற்றியது என் விரல்தான். வேறு யார் மேலும் பழியைப் போட முடியாது. டீ வாங்கிக்கொண்டு சீட்டுக்கு வருவதற்குள் பதில் வந்திருந்தது. எங்கள் அக்கறை முன்மாதிரியானது, இந்தப் புகார் முடிக்கப்பட்டது. படித்ததும் எழுத்து நடை பிடிபட்டுவிட்டது. இரண்டு வாரமாக அந்த நடையைத்தானே மார்க் போட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கமும் ஒரு மெஷின் உட்கார்ந்திருந்தது. இங்கே இருந்த மெஷின் பொய் சொன்னது, அங்கே இருந்தது பாராட்டியது. நடுவில் மனுஷி என்று இருந்தது நான் ஒருத்திதான், நானும் டீயைக் குடித்தேன்.

விதிப்படி பாராட்டையும் போட்டோவையும் போர்டில் ஒட்டினேன். அது ஒரு வியாழக்கிழமை காலை.

பதினோரு மணி இருக்கும். செக்கிங்கில் இருந்து அந்தப் பெண் என் ரூமுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. முந்தானையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேக்கிங்கில் பெட்டி தூக்குகிறவன் ஒருவன், வடக்கத்திப் பையன், ஆண்கள் பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை என்று இந்தப் பக்கம் வந்து கதவைத் தள்ளியிருக்கிறான். அவனும் பயந்துபோய் ஓடிவிட்டான். அவள் யாரையும் திட்டவில்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"படத்துல இருந்துச்சேன்னு தனியா போனேன்க்கா."

உள்ளே போன பிறகுதான் தாழ்ப்பாள் இல்லை என்று பார்த்திருக்கிறாள், அதற்குமேல் அடக்க முடியவில்லை. கம்பெனியில் என் பேச்சை நம்புகிற ஆள் அவள் ஒருத்திதான், அவளையும் நானே ஏமாற்றியிருந்தேன். என் மேலேயே எனக்கு அவ்வளவு அருவருப்பு அதுவரை வந்ததில்லை.

கைப்பையை எடுத்துக்கொண்டு வண்டியில் கிளம்பினேன். மெயின் ரோட்டு ஹார்டுவேர் கடையில் தாழ்ப்பாள் கேட்டேன். "எத்தன இஞ்ச்சுங்க?" என்றார் கடைக்காரர். இரண்டு வாரம் தாழ்ப்பாளைப் பற்றியே பேசியிருந்தோம், எத்தனை இஞ்ச் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. குத்துமதிப்பாக ஒன்று வாங்கிவந்து கம்பெனி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தேன். அவர் பழைய ஓட்டைகளில் குச்சி அடைத்து, நாலு ஸ்குருவையும் முடுக்கி, "அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வாங்குவது பர்ச்சேஸ் ஆள் வேலை, எழுதுவதுதான் என் வேலை என்று இத்தனை நாளும் நானே எனக்குச் சொல்லிவந்ததை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நிஜக் கதவைப் போட்டோ எடுத்து முதலாளியிடம் காட்டினேன். தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார். "பழைய போட்டோ இன்னும் பளிச்சுன்னு இருக்குதுங்க மேடம். அதே இருக்கட்டும்" என்றார். போர்டில் இருந்ததை நான் கிழித்து எடுத்துவந்துவிட்டேன். அதற்குப் பிறகும் அவர் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். அடுத்த வாரமே நாலாவதாக ஒரு மெஷின் வந்து, அதன் பேச்சில் இதை மறந்தும் போனார்.

தாழ்ப்பாள் போட்ட அந்த வியாழக்கிழமை சாயங்கால டீ நேரத்தில் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்த் தாழ்ப்பாளைக் காட்டினேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்க்கும் அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை, இருந்தாலும் முகத்தைப் பார்த்தேன். அவள் தாழ்ப்பாளை இழுத்தாள், தள்ளினாள், ஸ்குரு ஒவ்வொன்றின் மேலும் கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு உள்ளே போனவள் கதவைச் சாத்தாமல் நின்றாள்.

"எதுக்கும் நீங்க வெளிய பிடிச்சுக்கங்கக்கா" என்றாள்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அவள் வரும்வரை நான் கையை எடுக்கவில்லை.